தொங்காத கைப்பிடி

"எதிர்வீட்டு அல்போன்சா தெனமும் என் கதவைத் தெறந்து பாக்குறாம்மா. ஒண்ணு அவ காலி பண்ணணும், இல்ல நான் காலி பண்ணணும்."

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா சண்முகவள்ளி நிமிர்ந்தாள்.

"அல்போன்சாவா? கண்ணால பாத்தீங்களாய்யா?"

"ஜன்னல் வழியாப் பாத்தேன். ராத்திரி நான் தாழ்ப்பாள் போட்ட செத்த நேரத்துல வாரா. கைப்பிடியைப் பிடிக்கிறா. 'டக்'குனு சத்தம். அப்புறம் பூனை மாதிரி போயிர்றா."

"ஆஸ்பத்திரியில நோயாளியத் தொடச்சுவிட்டுப் பொழைக்கிற புள்ளைங்கய்யா அது."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"கோவிக்காதீங்க. நாளைக்கே கூப்பிட்டுக் காலி பண்ணச் சொல்லிர்றேன்."

நல்லுசாமி மாடியேறினார். மேலே எதிரெதிராக இரண்டே வீடுகள். மனைவி அய்யம்மாள் இருந்தவரை அவர் வீட்டுக் கதவு சாத்தியதே இல்லை. அவள் போனபின் அதைத் தட்டவே ஆளில்லை. ஓசூரில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவான். பால்காரன்கூட பாக்கெட்டை வாசலில் தொங்கும் பையில் போட்டுவிட்டுப் போய்விடுவான்.

நாளை வரை பொறுக்க முடியவில்லை. பூட்டு ரிப்பேர் பழனிக்குமாரை வரச் சொன்னார்.

அவன் கைப்பிடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டான்.

"ஸ்பிரிங் முறிஞ்சு துருப்பிடிச்சுக் கெடக்குங்கய்யா. எம்புட்டு நாளா இப்படித் தொங்குது?"

"கெடக்கு ரொம்ப நாளா. காலையில அமுக்கித் தெறப்பேன், அப்படியே தொங்கும். யாரு அதைத் தூக்கி விட்டுக்கிட்டு இருக்கா? ராத்திரி தாழ்ப்பாள் போட்டுருவேன்."

"பாக்கத்தான் உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. நடுவுல ஓடுறது ஒரே சதுரக் கம்பி. நீங்க உள்ள அமுக்குனா வெளிய உள்ளதும் சேந்தே இறங்கும். பூட்டு நாக்கும் உள்ள போயிரும். கையை விட்டதும் ரெண்டையும் தூக்கி நிறுத்துறது இந்த ஸ்பிரிங்தான். அது போச்சுன்னா, யாராச்சும் கையால தூக்கி விட்டாத்தான் நிமிரும்."

"தூக்கி விடத்தான் ஒருத்தி வாராளே! நான் செத்துக் கெடந்தா எட்டிப் பாக்க நாதியில்ல. கைப்பிடிய ஆட்டிப் பாக்க மட்டும் ஆளிருக்கு. நீ புதுசைப் போடுப்பா."

புது ஸ்பிரிங் போட்டாயிற்று. அமுக்கிக் கையை எடுத்தால் கைப்பிடி துள்ளி எழுந்து நேராக நின்றது.

அன்று ராத்திரி எதிர்வீட்டுக் காலடிச் சத்தம் வந்தது. கதவருகே நின்றது. 'டக்' சத்தம் மட்டும் வரவில்லை. காலடி திரும்பிப் போய்விட்டது.

நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஏனோ வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது போல இருந்தது.

காலையில் எழுந்து, கதவைத் திறந்து பாலை எடுத்துக் காய்ச்சிக் குடித்துவிட்டுக் குளிக்கப் போனார். குழாயை மூடியபோதுதான் கேட்டது. கதவை யாரோ இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே! அண்ணே! கதவைத் தெறங்கண்ணே!"

ஈரத் துண்டோடு போய்த் திறந்தார். ஆஸ்பத்திரிச் சீருடைச் சேலையில் அல்போன்சா. அவள் பின்னால் மூச்சு வாங்கியபடி, கையில் கடப்பாறையோடு சண்முகவள்ளி.

"பாத்தியாம்மா? ராத்திரி போயி இப்பப் பகல்லயே வந்துட்டா!"

அல்போன்சா அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கைப்பிடியை அமுக்கிவிட்டாள். அது துள்ளி நிமிர்ந்தது.

"ஸ்பிரிங் மாத்திட்டீங்களாண்ணே?"

"ஆமா. அதுல உனக்கென்ன வந்துச்சு?"

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி போன புதுசுல, எப்படி இருக்கீங்கன்னு கதவைத் தட்டிக் கேட்டேன். 'எனக்கென்ன கேடு'ன்னு எரிஞ்சு விழுந்தீங்க. அதுக்கப்புறம் தட்டப் பயந்துக்கிட்டு, ராத்திரி இதைத் தூக்கி விட்டுட்டுப் போவேன். காலையில தொங்குச்சுன்னா நீங்க எந்திரிச்சுக் கதவைத் தெறந்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு வேலைக்குப் போவேன். இன்னைக்கு அது தொங்கலையேண்ணே!"

சண்முகவள்ளி கடப்பாறையைச் சுவரில் சாய்த்தாள். "நேத்து என்னமோ சொன்னீங்களேய்யா, இவகிட்ட இப்பச் சொல்லிரவா?"

நல்லுசாமி கைப்பிடியை அமுக்கிப் பார்த்தார். அது மறுபடி துள்ளி நேராக நின்றது.

"செத்த நேரம் இரு தாயி" என்று அல்போன்சாவிடம் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தாமலே, ஸ்குரூ டிரைவரைத் தேடி உள்ளே போனார்.