ஏழு சிஸ்டம், ஒரு லைன்

"இன்னாம்மா சிவசங்கரி, மாப்ள செலையாட்டம் அப்படியே நிக்கறாரு?"

பட்டு வியாபாரி தசரதன் மானிட்டரைத் தட்டிப் பார்த்தார். நியூஜெர்சி மாப்பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி, கட்டம் கட்டமாக உறைந்திருந்தார்.

வெப்கேமுக்கு முன்னால் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த மகள் பானுப்ரியா, "எனக்கு அவரு மூக்கு மட்டுந்தான்பா தெரியுது. அவருக்கு என்னுது எது தெரியுதோ," என்றாள்.

ஆரணி பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சிவசங்கரிக்கு இந்த வியாதி தெரியும். "தட்டாதீங்கண்ணே. மத்த ஆறு சிஸ்டமும் ஓடிகினு இருக்குது. அதான் நெட் லைன் திணறுது."

"பத்து மணிக்குன்னு நேத்தே ரிசர்வ் பண்ணேனே?"

"நீங்க பண்ணது ஒரு சீட்டு. லைன் ஏழு சீட்டுக்கும் பொது. மொத்த லைனும் வேணும்னா மொத்தக் கடையையும் எடுத்திருக்கணும்."

"சரி, ரெட்டிப்பா தரேன். அவங்கள ஜல்தியா எழுப்பு."

"அவங்க வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்பி புக் பண்ணவங்க. உங்களுக்காக எழுப்பினா, நாளைக்கு யாரு என்னை நம்பி புக் பண்ணுவாங்க?"

தசரதன் குரலைத் தாழ்த்தினார். "ரொம்ப நாளா தேடி அமைஞ்ச எடம்மா. பதினோரு மணிக்கு பையன் காஞ்சிபுரத்துப் பொண்ண பாக்கறானாம். ரெண்டுல ஒன்ன இன்னிக்கே முடிவு பண்றாங்க."

சிவசங்கரிக்குப் பாவமாக இருந்தது. "தனியா ஒரு போன் லைன் இருக்குண்ணே. அது வழியா போட்டா குரல் நல்லா போகும். படம் போகாது."

"பொண்ணு பாக்கறவன் காதாலயா பாப்பான்?"

வேறு வழியில்லாமல் அவள் எழுந்து, பிளைவுட் தடுப்புகளின் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக விலக்கி உள்ளே தலையை நீட்டிக் கேட்டாள். ஆறு பேரும் காதில் ஹெட்போனோடு சினிமாப் பாட்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை.

"யாரு கேட்டாலும் சீட்ட வுட்டு எழுந்திரிக்கக் கூடாதாம்ண்ணே. அப்படி சொல்லித்தான் அனுப்பியிருக்காங்களாம்," என்றாள் திரும்பி வந்து.

"எந்தப் புண்ணியவான் சொன்னானாம்?"

அது அவளுக்கும் தெரியவில்லை. திரையில் மாப்பிள்ளையின் வாய் ஒருமுறை மூடி, மறுபடி உறைந்தது. பிறகு படமே போய்விட்டது.

பதினொன்றரைக்குத் தரகரிடமிருந்து தசரதனின் செல்லுக்குப் போன் வந்தது. அவர் "சரிங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

"காஞ்சிபுரத்துப் பொண்ணு பளிச்சுனு தெரிஞ்சுதாம். அதையே பேசி முடிக்கறாங்களாம்."

பானுப்ரியா தலையிலிருந்த பூவைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் தசரதனுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பக்கத்துத் திரைச்சீலையை இழுத்தார்.

உள்ளே அவருக்கே தறி நெய்யும் சடையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பதறி எழுந்தான்.

"டேய், நீ இங்க இன்னா பண்ற?"

"ஞாயித்துக்கெழம பாப்பாவ பொண்ணு பாக்கறப்ப இந்தக் கடையில வெளியாளு ஒருத்தனும் உக்காரக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே மொதலாளி. நம்ம கணக்குப்பிள்ளை ஆறு சீட்டையும் புடிச்சு, காசு கட்டினத சும்மா போடுவானேன்னு நம்ம தறிக்காரங்களையே உக்கார வெச்சிட்டாரு. காலைலருந்து ஒருத்தனையும் உள்ள வுடலீங்க."