இடது சீட்டில் ஒரு மூட்டை

அக்குறணைக்கு அப்பால் நேராகக் கிடக்கும் அந்தச் சின்னத் துண்டு ரோட்டில், இராமையா ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார்.

கார் வலது பக்கம் போனது.

திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் வலது பக்கம். எதிரே வந்த பஸ்காரன் ஹோர்னை அமுக்கிப் பிடித்து, வாயாலும் நாலு சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று வாரம் ரஸீனின் கராஜில் கிடந்த கார். முன் ஸ்பிரிங் புதிது, ஷொக் அப்சோபர் புதிது, ஸ்டியரிங்கில் தேய்ந்ததெல்லாம் புதிது. இவ்வளவும் செய்து இதுதானா நேர்?

இரண்டே சீட், கூரை கிடையாது, வயது அறுபதுக்கு மேல். புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஷெட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, மாநகர சபை கிளார்க் வேலையில் ஓய்வு பெற்ற கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தவர் இராமையா. பக்கத்து சீட்டில் மனைவி கலாராணி தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி உட்கார்ந்து வரவேண்டும் என்பது அதில் பாதி ஆசை. உண்மையைச் சொன்னால் முக்கால்வாசி.

அவளும் ஒரு தடவை வந்தாள். புசல்லாவையில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போகும் வழியில், ஒரு வளைவில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காமல், கார் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் பட்டுச்சேலையோடு கொழுந்தெடுக்க வந்த அம்மாவைப் பார்த்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கலாராணி பஸ்ஸில் வீடு திரும்பினாள்.

"இனி என் செருப்புகூட அந்தக் காருல ஏறாது."

நாளைக்குத் தங்கச்சி புது வீடு குடிபுகுகிறாள். அதற்கும் இவர் கார், அவள் பஸ் என்று முடிவாகிவிட்டது.

லேசான பழைய கார்களுக்கு ரஸீனிடம் ஒரு முறை உண்டு. ஆள் ஏறினாலே அவை ஒரு பக்கம் சாயும். அதனால் ஏறப்போகிறவரின் எடைக்கு அரிசி மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டுத்தான் முன் சில்லுகள் நேராக ஓடுகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வார். எத்தனை பேர் போவீர்கள் என்று கேட்டபோது, ஒருவர்தான், எழுபத்து நாலு கிலோ என்றார் இராமையா. சொல்லும்போது இடது சீட்டைப் பார்க்கவில்லை.

கராஜுக்குள் காரை நிறுத்தி இறங்கியபோது இடது சீட்டின் மடிப்பில் நாலைந்து அரிசி மணிகள் தெரிந்தன. இதைக்கூடக் கூட்டித் தள்ளாத வேலை என்று இன்னும் கோபம் ஏறியது. முப்பது வருடம் அலுவலகத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், அன்றைக்கு ரஸீனின் தொழிலையே பிழை சொன்னார்.

ரஸீன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். எதையும் பொறுப்பார், தான் பார்த்த கார் கோணல் என்றால் மட்டும் பொறுக்க மாட்டார்.

"சேர், ரெண்டு பேர் ஏறினா கார் நேராத்தான் ஈக்கிது. ஒங்கட மிஸிஸ் நேத்து கோல் எடுத்து, இடது சீட்டுக்கும் மூட்ட வெச்சிப் பாக்கச் சென்னாங்க. ஒங்களுக்குச் செல்ல வாணாண்டும் சென்னாங்க."

எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டார் இராமையா.

அறுபத்தெட்டு.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் கலாராணியின் எடைக் கணக்கு ஐம்பத்தெட்டுதான். கிளினிக் தராசில் ஏறும்போது புருஷனைத் திரைக்கு வெளியே நிறுத்திவிடுகிறவள், கார் நேராகப் போகவேண்டும் என்பதற்காக, முன்பின் பாராத ஒரு மெக்கானிக்கிடம் ஒரு கிலோகூட ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

அரை மணி நேரத்தில் ஒருவருக்கு மாற்றித் தரட்டுமா என்று ரஸீன் கேட்டார். இராமையா பதறிப்போய் வேண்டாம் என்றார். வீட்டில் அது ஐம்பத்தெட்டாகவே இருக்கட்டும்.

தன் கைக்குட்டையால் இடது சீட்டைத் துடைத்துவிட்டு, வலது பக்கம் இழுத்த காரை இறுக்கிப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே கண்டிக்கு ஓட்டினார்.

வழியில் கட்டுகஸ்தோட்டையில் மட்டும் ஒரு புடவைக் கடை முன்னால் நிறுத்தினார். காற்றில் பறக்காத மாதிரி ஒரு ஸ்கார்ஃப் வேண்டும் என்றார்.