அரைக்கால் சுற்று

"அந்த ஆளை இங்கேயிருந்து விரட்டுங்க. இல்லேன்னா நான் போலீஸைக் கூப்பிடுவேன்."

சொன்னவள் நோயலீன். அறுபது வயது. காருக்குப் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டைக் கோத்துக்கொண்டு அடிலெய்டிலிருந்து தன்னந்தனியாக வருகிறாள்.

ரோண்டா கல்லாவில் இருந்தாள். ஆஸ்திரேலியப் பாலைவெளியைக் கடக்கும் நல்லர்பார் நெடுஞ்சாலையில் அந்தப் பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் அவளுடையவை. இந்த வாரத்தில் இது மூன்றாவது புகார்.

"கிளாரியா? என்ன பண்ணினார்?"

"நான் வண்டியை விட்டு முழுசா இறங்கக்கூட இல்ல. ஒரு ஹலோ கிடையாது. குனிஞ்சு கேரவன் சக்கரத்துல புறங்கையை வச்சார். 'சூடு'ன்னார். 'யார் கிரீஸ் வச்சது'ன்னார். நான்தான்னேன். 'தெரியுது'ன்னார்."

ரோண்டா சிரிப்பை அடக்கினாள். கிளாரி அப்படித்தான். எழுபத்தெட்டு வயது. கடைக்குப் பின்னால் தன் கேரவனிலேயே குடியிருப்பு. வருகிற வண்டிச் சக்கரத்தையெல்லாம் தொட்டுப் பார்ப்பார். குறை சொல்வார். பாராட்டு மட்டும் வாயில் வராது.

"நிஜமாவே நீங்களேவா கிரீஸ் வச்சீங்க?"

"ஆமா." நோயலீன் நிமிர்ந்தாள். "ரெண்டு பக்கமும் நானே கழட்டினேன். புது பேரிங் வாங்கினேன். உள்ளங்கைல கிரீஸை வச்சு அப்பி அப்பி ஏத்தினேன். நகக்கண்ணுல இன்னும் கறுப்பு போகல, பாருங்க."

புது மோதிரத்தைக் காட்டுவதுபோல் விரல்களைக் காட்டினாள்.

"சனிக்கிழமை பெர்த்துல என் மகனுக்குக் கல்யாணம். அவங்கப்பன், என்னை விட்டுட்டுப் போன மகராசன், எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கான். 'அவளுக்கு பல்பு மாட்டத் தெரியாது. பாதி வழில அழுதுட்டு பிளேன் ஏறி வருவா'ன்னு. இந்தக் கேரவனை நானே இழுத்துட்டுப் போய்க் கல்யாண வாசல்ல நிறுத்தணும். அவன் பாக்கணும்."

"நிறுத்துவீங்க. முதல்ல டீயைக் குடிங்க. அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

டீ பாதி இறங்கியிருக்கும். வெளியே 'டங்' என்று சத்தம்.

இருவரும் ஓடினார்கள். கேரவன் ஜாக்கியின் மேல் நின்றது. சக்கரம் தரையில் கிடந்தது. கிளாரி மண்டியிட்டு உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ், யாருய்யா உன்னைத் தொடச் சொன்னது?" என்றாள் நோயலீன்.

கிளாரி திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளேயிருந்து எதையோ இழுத்தார்.

ரோண்டாவுக்கும் பொறுமை போயிற்று. "பெரிசு, போதும். இன்னிக்கே இடத்தைக் காலி பண்ணு. எனக்கு வியாபாரம் நடக்கணும்."

"பண்றேன்" என்றார் கிளாரி. கந்தல் துணியில் பேரிங்கை ஏந்தி நீட்டினார். உருளைகள் வெந்து நீலம் பாரித்திருந்தன. "இன்னும் அம்பது கிலோமீட்டர். சக்கரம் கழண்டு உனக்கு முன்னாடி பெர்த் போயிருக்கும்."

நோயலீன் கிட்டே வந்து குனிந்தாள். பேரிங்கைப் பார்த்தாள். தன் விரல்களைப் பார்த்தாள். கைகளைப் பின்னால் கொண்டுபோனாள்.

"அந்தப் பக்கம் போற லாரி ஏதாவது என்னை ஏத்திக்குமா?" என்று ரோண்டாவிடம் கேட்டாள். "கேரவன் இங்கேயே கிடக்கட்டும். பையனோட அப்பன் சொன்னது சரிதான்."

கிளாரி வாயைத் திறந்தார். ரோண்டா பயந்தாள். போன வாரம் ஒரு வாட்டசாட்டமான ஆளையே கண் கலங்க வைத்த வாய் அது.

"கிரீஸ் நல்லா வச்சிருக்கே" என்றார் கிளாரி. "ஒர்க்ஷாப்காரன்கூட இப்படி வைக்க மாட்டான்."

ரோண்டா காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்ப ஏன் இப்படி ஆச்சு?" என்றாள் நோயலீன்.

"பேரிங் மட்டம். உருப்படாத கம்பெனி. எவனோ உன் தலையில கட்டிட்டான். ரோண்டா, உன் அலமாரியில ரெண்டு செட் கிடக்கே, கொண்டா. ரெண்டு பக்கமும் மாத்தணும்."

"நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க, பெரியவரே."

"எனக்கு முட்டி வலி. நீயே மாட்டு."

பேன்ட் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு நின்றார். நோயலீன் மண்டியிட்டாள். கிரீஸை அப்பினாள். பேரிங்கை உள்ளே தள்ளினாள். நட்டைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள்.

"நில்லு. இது வேற கம்பெனி. இதுக்கு வேற முறை. சக்கரத்தைச் சுத்திக்கிட்டே இறுக்கு. அப்புறம் அரைக்கால் சுற்று தளர்த்திவிடு. அது மூச்சு விடணும்."

"பழைய கம்பெனிக்கு இப்படி இல்லையா?"

"அந்தக் குப்பையை நீ இனிமே வாங்கவா போறே? வேலையைப் பாரு."

இரண்டு சக்கரமும் சத்தமில்லாமல் சுழன்றன. நோயலீன் கையைத் துடைத்தாள். கழுவவில்லை.

"கல்யாண போட்டோ அனுப்பறேன், பெரியவரே."

"வேண்டாம்."

மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டு மேற்கே போனாள்.

கிளாரி தன் இடத்துக்குப் போய் மடக்கு நாற்காலியை மடக்க ஆரம்பித்தார். காலி பண்ணச் சொல்லியாயிற்றே.

ரோண்டா தரையில் கிடந்த புது பேரிங்கின் காலி டப்பாக்களையும் வெந்துபோன பேரிங்கையும் பொறுக்கினாள். அந்த உருப்படாத கம்பெனி எது என்று தெரிந்துகொண்டால் தன் கடையில் வாங்கி வைக்காமல் இருக்கலாம். பேரிங்கின் விளிம்பைத் துடைத்து, பொறித்திருந்த பெயரைப் படித்தாள். கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். மறுபடி பேரிங்கைப் பார்த்தாள்.

நேரே கிளாரியிடம் போனாள்.

"பெரிசு, ரெண்டும் ஒரே கம்பெனி."

"ம்."

"அப்ப கோளாறு?"

"அவ நட்டை அளவுக்கு மேல இறுக்கி வச்சிருக்கா. உடும்புப் பிடி. வேற ஒண்ணுமில்ல."

"ஊர்ல ஒருத்தரை விட மாட்டியே. இவகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னா என்ன?"

கேட்டுக்கொண்டே நாற்காலியை அவர் கையிலிருந்து பிடுங்கி, பழைய இடத்திலேயே விரித்துப் போட்டாள். கிளாரி உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா நட்டு மட்டும்தான் சரியாகியிருக்கும். அவ லாரிக்காரன் பக்கத்துல உக்காந்துதான் கல்யாணத்துக்குப் போயிருப்பா."