சராசரி சொன்ன சொந்தம்

ஒரு மேசைமேல் பூதக்கண்ணாடியும் அளவுகோலும் குடியிருந்தன. வெண்டை இலையில் பிடிபடும் செடிப்பேன்களை இனம் பிரித்து டப்பாவில் அடைப்பது அவற்றின் வேலை. கண்ணாடி பார்க்கும், அளவுகோல் அளக்கும். தீர்ப்பு மட்டும் எப்போதும் அளவுகோலுடையது.

அன்று ஒரு தாய்ப்பேனும் அதன் மகளும் வந்தன. முதுகு மயிர்களை அளந்து சராசரி போட்ட அளவுகோல், "ரெண்டும் வேற வேற இனம். தனித்தனி டப்பா" என்றது.

"நான் பெத்த பொண்ணுய்யா அவ! இன்னும் வளரணும்" என்று தாய் கதறியது.

"சராசரி அப்படிச் சொல்லலையே."

கண்ணாடிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அடித்தால் உடைந்துபோவோம் என்றுதான் பொறுத்துக்கொண்டது.

அடுத்து, கொழுத்த பேன் ஒன்று வந்தது. அதை அளந்ததும் அளவுகோல் துள்ளியது. "ஆகா, தாயோட அளவேதான்! ஒரே இனம், ஒரே டப்பா."

"அட கடன்காரா, அது பேனைத் தின்கிற பேன்! அதன் வாயைப் பாரு!" என்று கண்ணாடி அலறியது.

"வாயை நான் அளக்கிறதில்லை" என்று சொல்லி, அளவுகோல் மூடியை அழுத்தி மூடியது.

மறுநாள் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு பேன், வயிறு உப்பிப்போய்ப் படுத்திருந்தது. அளவுகோல் அந்தப் பேனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாக அளந்தது.

"நேத்து என்ன குதி குதிச்சே! இப்பப் பாரு, டப்பா முழுக்க ஒரே அளவு. வித்தியாசம் பூஜ்யம்."