ஏழாம் படத்தின் வலது ஓரம்

"வலது பக்கம் மூணுல ஒரு பங்கை வெட்டி எறிஞ்சாத்தான் இது படம். இல்லேன்னா குப்பை!"

புகைப்படக் குழுத் தலைவர் திரையில் குச்சியால் தட்டிக் காட்டினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்கடைக்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. திரையில் இருந்த ஏழாம் எண் படம் அவளுடையது.

நூலக மாடியில் ஞாயிறுதோறும் கூடும் அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. படங்கள் பெயரில்லாமல், எண்ணோடு மட்டும் வரும். விமர்சனம் முடியும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. வருடக் கண்காட்சிக்கு வேண்டிய பன்னிரண்டில் பதினோரு படங்கள் தேறிவிட்டன. மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்காகத்தான் அவள் மூன்றாவது வருடமாகத் தவம் கிடக்கிறாள்.

படத்தில் கொட்டும் மழை. மஞ்சள் மழைக்கோட்டுக்காரன் ஒருவன் இடது பக்கம் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சைக்கிளில் வருகிறான். வலது ஓரத்தில், மூடிய கடை வாசலில், ஒரே குடைக்குள் ஒட்டிக்கொண்டு இரண்டு பேர். சாய்த்துப் பிடித்த கறுப்புக் குடை அவர்களை முழங்கால்வரை மறைத்துவிட்டது. தெரிவதெல்லாம் ஒரு ஜோடி கறுப்பு ஷூ, ஒரு ஜோடி சிவப்புச் செருப்பு. குடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஒட்டு.

"அந்த மஞ்சள் கண்ணைப் பிடிச்சு இழுக்குது. சைக்கிள்காரனைப் பார்க்கவே விடலை," என்றார் தலைவர்.

விதியாவது மண்ணாவது! அவள் எழுந்துவிட்டாள்.

"சார், அந்த மஞ்சளுக்காகத்தான் முக்கால் மணி நேரம் மழையில நின்னேன். அங்க ஒரு மஞ்சள், இங்க ஒரு மஞ்சள். கண்ணு ரெண்டுக்கும் நடுவுல போய்ப் போய் வருது. அதை வெட்டிட்டா படத்துல என்ன இருக்கு? வெறும் சைக்கிளும் தண்ணியும்தான்!"

"உட்காருங்கம்மா. எடுத்தவங்க பேசக் கூடாது."

"போன வருஷம் பேசாமத்தானே உட்கார்ந்திருந்தேன்? ஓரத்துல கொஞ்சூண்டு வெட்டிக் கொண்டாந்த படத்துக்கு என்ன சொன்னீங்க? 'வெட்டுறதை எல்லாம் உங்க தையல் கடையோட வச்சுக்கங்க'ன்னு வாய் கூசாம சொன்னீங்க. இத்தனை பேரும் சிரிச்சாங்க. வீடு போய்ச் சேர்ற வரைக்கும் அழுதேன் சார்!"

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. படத்தை வெட்டுவது என்றாலே தலைவருக்கு ஆகாது. எடுக்கும்போதே ஒழுங்காக எடுக்கத் தெரியாதவன் செய்கிற வேலை அது என்பார். அதனாலேயே முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'முழுப்படம்' என்று பெயர்.

முன்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர் மெல்லக் கேட்டார்: "சார், நீங்களா வெட்டச் சொல்றது? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? மாத்திரை ஏதாவது தரட்டுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வெட்ட வேணாம். கறுப்பு வெள்ளையா மாத்திடுங்க. அந்தக் குடையை நல்லா இருட்டாக்கிடுங்க. போதும்."

"கறுப்பு வெள்ளையா? அது சோம்பேறிங்க செய்யற வேலைன்னு போன மாசம் சொன்னது யாரு? நீங்கதானே? என் படம்னு வந்தா மட்டும் உங்க சட்டமெல்லாம் தலைகீழா மாறிடுமா? தையக்காரிதானே, என்ன சொன்னாலும் கேட்டுக்குவான்னு நினைப்பா?"

"இதோ பாருங்கம்மா, முடிவு என் கையில. சொன்னபடி செஞ்சா பன்னிரண்டாவது இடம் உங்களுக்கு. பழைய படத்தை அழிச்சிடணும். இல்லேன்னா ஏழாம் நம்பர் வெளியே!"

வெட்டுவது ஒரு நிமிட வேலை. சுவரில் தன் படம் தொங்குவதை எத்தனை நாள் மிஷின் முன்னால் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருப்பாள்! ஆசை தொண்டைவரை வந்தது. ஆனால் போன வருடத்துச் சிரிப்பும் கூடவே வந்து நின்றது.

"மாட்டேன். இதுல ஒரு நூல் அகலம்கூட வெட்ட மாட்டேன். உங்க சுவரை நீங்களே வச்சுக்கங்க!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்போது பார்த்துக் கதவு திறந்தது. கூட்டம் முடிகிற நேரத்துக்குக் கணவரை அழைத்துப்போக வாராவாரம் காரோடு வரும் தலைவரின் மனைவி உள்ளே வந்தார்.

"வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. இந்தப் படத்துல வலது பக்கம் அப்படி என்ன கெட்டுப்போச்சு? வெட்டு வெட்டுன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரே சார்!"

தலைவர் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கப் பாய்ந்தார். மருந்துக்கடைக்காரரின் நாற்காலி குறுக்கே கிடந்து காலை இடறியது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவசரமே இல்லாமல் பார்த்தார். அந்த மஞ்சள் ஒட்டை விரலால் ஒருமுறை தடவினார்.

"வெட்டவே வெட்டாதேம்மா. நல்லா பெருசா பிரிண்ட் போட்டு நடுச் சுவத்துல மாட்டு," என்றார்.

பிறகு கணவர் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம வீட்டுப் பழைய திரைச்சீலையைக் கிழிச்சு என் கையால ஒட்டுப் போட்ட குடை. பஸ்ல தொலைச்சிட்டேன்னு சொன்னீங்களே, இதோ கிடைச்சிடுச்சு. அந்தச் சிவப்புச் செருப்பு யாருதுங்க?"