காலிப் படம்

சாவோ கார்லோஸ் ஆய்வகத்தில் ஜுரேமாவின் வேலை, கடுங்குளிரில் உறைந்த அணுக்கூட்டம் ஒன்றை வரிவரியான லேசர் ஒளிமேடுகளுக்கு நடுவே வைத்து ஒரே பக்கமாக இழுப்பது. எவ்வளவு இழுத்தாலும் அது போய்விடாது. கொஞ்ச தூரம் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். அதன் நிழலைப் படம் எடுத்ததும் கூட்டம் கலைந்துவிடும். பிறகு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அணுக்கள் இல்லாத வெறும் கலத்தை இன்னொரு படம் எடுப்பார்கள்.

அன்று மதியம் அந்தக் காலிப் படத்தில் ஒரு நிழல் இருந்தது.

"ஜெனிவால்டோ, இங்க கொஞ்சம் வாயேன்."

கூட வேலை பார்க்கும் ஜெனிவால்டோ திரையில் அந்த நிழலை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "பேய்க்குப் பசி போல. எனக்கும்தான். காபியும் சீஸ் ரொட்டியும் வாங்கிட்டு வரேன்."

போனவன் வெறுங்கையோடு வந்தான்.

"காபி எங்கடா?"

"எந்தக் காபி?" திரையைப் புதிதாகப் பார்ப்பவன்போல் பார்த்துச் சிரித்தான். "பேய்க்குப் பசி போல. எனக்கும்தான்."

"விளையாடாதடா!"

அவன் முகத்தில் விளையாட்டே இல்லை. ஜுரேமா லேசரை அணைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நடைவழியில் ஒரே மாதிரிக் கதவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசிக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெயில் தெரிந்தது. காபி மணம்கூட வந்தது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவளுடைய மேசை இருந்தது. அணைத்த லேசர் எரிந்துகொண்டிருந்தது. காலிப் படத்தில் இப்போது இரண்டு நிழல்கள் ஒட்டி நின்றன.

அலறத்தான் வாயைத் திறந்தாள்.

"ஜெனிவால்டோ," என்றது அவள் வாய், "இங்க கொஞ்சம் வாயேன்."