செவர்ன் ஆற்றில் ஒரு பார்பெல்

இந்த ஆகஸ்டில் செவர்ன் ஆறு முழங்காலளவுக்கு மெலிந்து, கற்களெல்லாம் பாசி பிடித்து வழுக்குகின்றன. ஆற்றுக்குள் மண்டியிட்டு, தூண்டிலில் சிக்கிய பார்பெல் மீனை இரண்டு கைகளாலும் ஏந்தியிருக்கிறான் ராய்ஸ்டன். தின்ன அல்ல, பிடிக்கும் சுகத்துக்காகப் பிடித்துத் திரும்ப ஆற்றில் விடத்தான் பிடித்தான். நீந்தத் தெம்பு வரும்வரை, செவுளுக்குள் தண்ணீர் புகும்படி அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருக்க வேண்டும். இன்றைக்கு ஓட்டமென்று சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வெதுவெதுவென்றிருக்கிறது. மீனின் செவுள் எப்போதாவதுதான் திறக்கிறது. உதட்டோரத்து நாலு மீசையும் தொய்ந்து தொங்குகின்றன. கரையில் நிற்கும் அவன் மைத்துனன் டென்சில் தன் தூண்டிலைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

"இந்த வெயில்ல தண்ணியில மூச்சே இருக்காது, வேணாம் மச்சான்னு காலையிலயே தலபாடா அடிச்சுக்கிட்டேன்."

"ஒண்ணே ஒண்ணுன்னு நெனச்சேன்டா."

"அதுக்கும் உசிரு ஒண்ணுதான். விடு, போகுதான்னு பாப்போம்."

ராய்ஸ்டன் கைகளை மெல்ல விலக்குகிறான். மீன் ஒரு கணம் நிற்கிறது, பிறகு சாய்கிறது. வெள்ளை வயிறு வெயிலைப் பார்த்துத் திரும்புகிறது. எதிர்க்கரையில் எங்கோ ஒரு நாய் குரைத்து ஓய்கிறது.

"போச்சு, மச்சான். எந்திரி." டென்சிலின் குரலில் இப்போது கோபமில்லை.

ராய்ஸ்டன் எழுந்திருக்கவில்லை. மீனை நிமிர்த்திப் பிடித்து, ஓடாத தண்ணீரில் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கிறான்.